கயிறு மாறும் முன்

தமிழாசிரியராக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பெரியவருக்கும் அவருடைய துணைவியாருக்கும், வாழ்நாளின் எஞ்சிய பகுதியைத் திருவாதவூரில் கழிக்க வேண்டும் என்பது நெடுநாளைய விருப்பம். மதுரையில் வாடகை வீடு. மாதந்தோறும் ஒரு நாள் பேருந்தேறி, ஒத்தக்கடை, திருமோகூர் வழியாக வந்து, திருமறைநாதரையும் வேதநாயகி அம்மையையும் தரிசித்துவிட்டு மாலையில் திரும்புவார்கள். அம்மையாருக்கு முழங்கால் வாதம். சனி பகவானுக்கே வாத நோய் நீங்கிய தலம் என்று தலபுராணம் சொல்வதால் அவருக்கு அங்கே தனிப் பற்று. ஆசிரியருக்கோ அது மணிவாசகர் அவதரித்த மண். கபிலர் பிறந்த ஊரும் அதுவே என்பது வழிவழியாக வரும் செய்தி. இருவருக்கும் காரணம் வேறு, ஊர் ஒன்று.

ஓய்வுக்காலப் பணம், பூர்வீக நிலத்தில் கிடைத்த பங்கு, அஞ்சலகச் சேமிப்பு எல்லாம் சேர்த்து அவர்கள் கையில் இருந்தது 43 லட்சம் ரூபாய். மாத ஓய்வூதியம் உணவுக்கும் மருந்துக்கும் சரியாக இருக்கும். ஆகவே வீடு, பத்திரச் செலவு இரண்டும் அந்த 43 லட்சத்துக்குள் முடிந்தாக வேண்டும். கடன் வாங்கும் வயது கடந்துவிட்டது.

ஊர் எல்லையை ஒட்டிப் புதிதாகப் பிரித்த மனைகளில், 4 சென்ட் நிலத்தில் 1,050 சதுர அடியில் ஒரு வீடு கட்டி முடிந்திருந்தது. கட்டியவர் கொத்தனாராகத் தொழில் தொடங்கி, பின்னர் தாமே மனை வாங்கி வீடு கட்டி விற்கும் நிலைக்கு உயர்ந்தவர். நெற்றி நிறையத் திருநீறு. தொழில் அறிந்தவர் என்பது சுவரைத் தட்டிப் பார்த்தபோதே தெரிந்தது. விலை 44 லட்சம் என்றார். அதுவும் வீட்டுக்கு மட்டும். சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் தனி. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தனி. மின் இணைப்புக்குக் கட்டிய பணம் தனி. தனி, தனி என்று அவர் அடுக்கிய கணக்கு இன்னும் மூன்றரை லட்சத்தைத் தொட்டது.

சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாக வரும். வீட்டு வாணிபத்திலோ வழக்கம் தலைகீழாகிவிட்டது. காயை விற்றுவிட்டுக் காம்புக்குத் தனி விலை கேட்கிறார்கள். தண்ணீர் இல்லாத வீட்டை யார் வீடு என்பார்கள்? ஆனால் ஆசிரியர் இதையெல்லாம் வாய் திறந்து கேட்கவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவருக்கு விலை பேச வராது. கடைத்தெருவிலும் பேசுவது எப்போதும் அம்மையார்தான்.

அன்று மாலை பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "சுவாமியின் நிழலில் குடியிருக்க வருகிறோம். வருகிற இடத்தில் முதல் காரியமாகப் பேரம் பேசுவதா? கூச்சமாக இருக்கிறது. அவரும் அடியாராகத்தான் தெரிகிறார். கேட்டதைக் கொடுத்துவிட்டால் மனத்துக்கு நிம்மதி."

"கொடுக்க நம்மிடம் எங்கே இருக்கிறது?" என்றார் அம்மையார். சற்றுப் பொறுத்து, "வந்தி கதையை எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருப்பீர்கள்? அதில் சுவாமியே கூலி பேசித்தானே கூடையை எடுத்தார்?" என்றும் கேட்டார்.

ஆசிரியர் திகைத்துவிட்டார். வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்துவிட்டான் பாண்டியன். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கிழவிக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சொக்கநாதர் சும்மா மண் சுமக்கவில்லை. உதிர்ந்த பிட்டெல்லாம் எனக்குக் கூலி என்று முதலிலேயே பேசிக்கொண்டார். கிழவியும் சம்மதித்தாள். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போனது என்பது ஊரெங்கும் சொல்லும் கதை. உலகுக்கெல்லாம் உடையவர், வேலைக்கு முன் கூலியைப் பேசி முடித்தார். பேசியதை மிஞ்சி ஒரு பிடி கேட்கவும் இல்லை. முப்பது ஆண்டுகள் அந்தக் கதையைச் சொன்னவருக்கு, அதில் ஒரு பேரம் இருக்கிறது என்பது அன்றுதான் புலப்பட்டது.

கூடவே மற்றொரு பாதியும் நினைவுக்கு வந்தது. அது இந்த ஊர்க்காரரின் கதை. தென்னவன் பிரமராயன் என்ற பட்டத்தோடு பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த வாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்தன. வணிகர் தலைவனாக வந்த பெருமான், வழக்கப்படி கயிறு மாற்றிக் குதிரைகளை அரசனிடம் ஒப்படைத்தார். கயிறு கை மாறிவிட்டால் பின்பு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வழக்கில்லை. இரவில் அவையெல்லாம் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. வாங்கியவன் கேட்க ஆளில்லை.

"அங்கே விற்றவர் சிவபெருமான், அதனால் அது திருவிளையாடல்" என்று சிரித்தார் ஆசிரியர். "இங்கே விற்பவர் நம்மைப் போன்ற மனிதர். கயிறு மாறும் முன் பார்த்துக்கொள்வதுதான் சரி."

மறு வாரம் அம்மையார் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். விலையைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. வீட்டை அறை அறையாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினார். பூஜை அறை எங்கே என்று கேட்டார். கட்டியவர் மாடிப்படிக்கு அடியில் இருந்த மாடத்தைக் காட்டினார். அம்மையார் முகம் மாறியது. "தலைக்கு மேல் செருப்புக் கால் ஏறி இறங்கும் இடத்தில் சுவாமியை எப்படி வைப்பது தம்பி? அந்த ஈசானிய மூலைச் சாமான் அறையைக் கொடுங்கள். கதவை மட்டும் கூடத்துப் பக்கம் திருப்பி வையுங்கள்" என்றார். அவர் 60,000 ஆகும் என்றார். அம்மையார் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். கழிவறையிலும் குளியலறையிலும் பிடித்து எழக் கம்பி, வாசற்படியின் பக்கவாட்டில் சாய்தளம், பின்கட்டில் துவைக்கும் கல். வயதானவர்கள் வீடு வாங்கும்போது முதலில் எழுத வேண்டியவை இவைதாம். பெரும்பாலோர் இடறி விழுந்த பிறகே எழுதுகிறார்கள்.

பிறகு அவர் வேண்டாதவற்றைச் சொல்லத் தொடங்கினார். சமையலறையில் போடுவதாகச் சொன்ன அடுக்கு அலமாரிகள் வேண்டாம். முகப்பில் ஒட்டவிருந்த அலங்காரக் கல் வேண்டாம். கூடத்துப் பொய்க்கூரை வேண்டாம். "இவற்றின் விலையைக் கழித்துவிட்டு, தண்ணீரையும் சுவரையும் மின்சாரத்தையும் வீட்டு விலைக்குள் கொண்டுவாருங்கள். அவை இல்லாமல் நான் குடிவர முடியாது. மற்றவை இல்லாமல் வரலாம்" என்றார். கட்டியவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். அலமாரிக்கும் பொய்க்கூரைக்கும் இன்னும் ஆள் வைக்கவில்லை, பொருளும் வாங்கவில்லை. அவருக்கும் அது நட்டமில்லை. எல்லாம் சேர்த்து 41 லட்சம் என்று இறங்கினார்.

இறங்கிய கையோடு குரலையும் தாழ்த்திக்கொண்டார். "சார், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்புப்படி 27 லட்சம் போடுவோம். மீதி 14 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பத்திரச் செலவில் ஒரு லட்சத்து 26 ஆயிரம் மிச்சம். ஊரில் எல்லாரும் செய்வதுதான்."

கணக்கு சரிதான். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறைக்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 9,000 ரூபாய் மிஞ்சும். 41 லட்சத்தையும் காட்டினால் பத்திரச் செலவு 3,69,000, மொத்தம் 44,69,000. கையில் இருப்பதோ 43. மறைத்தால் 43,43,000, எப்படியாவது புரட்டிவிடலாம். நேர்மையாகப் போனால் வீடே இல்லை என்ற இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்தக் கணக்கு.

அதுவரை பேசாதிருந்த ஆசிரியர் இப்போது வாய் திறந்தார். கூச்சமெல்லாம் எங்கோ போய்விட்டது. "தம்பி, நான் பிள்ளைகளைக் கோயில் கோயிலாக அழைத்துப்போய்க் கல்வெட்டு படிக்கச் சொல்லிக் கொடுத்தவன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நிலம் விற்றவர்கள் சுவரில் என்ன வெட்டினார்கள் தெரியுமா?"

தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் உள்ள பழைய விலை ஆவணங்களைப் படித்தவர்களுக்கு இது தெரியும். நான்கு எல்லையும் சொல்லிய பிறகு, நிலத்தோடு என்னென்ன சேர்கின்றன என்று ஒன்றுவிடாமல் எழுதுவார்கள். மேல்நோக்கி வளர்ந்த மரம், கீழ்நோக்கித் தோண்டிய கிணறு, உடும்பு ஓடும் மேட்டுநிலம், ஆமை தவழும் நீர்நிலம் என்று போகும் அந்தப் பட்டியல். கொசுறு என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது கிடையாது. அதன் பின், விலைப்பொருளைக் கை நிறையப் பெற்றுக்கொண்டோம், இதுவே விலை, இதுவே பொருள் முடிவு, இதற்குமேல் வேறொரு செலவோலை காட்டமாட்டோம் என்று விற்றவர் உறுதி கூறுவார். இறைவன் வீட்டுச் சுவரில், அவன் பார்க்க, ஊரறியச் சொன்ன விலை அது ஒன்றுதான். பத்திரத்தில் ஒரு விலை, பையில் ஒரு விலை என்ற இரட்டைக் கணக்குக்கு அங்கே இடமில்லை.

"என் பணம் முழுதும் வங்கியில் இருக்கிறது. அதை எடுத்துப் பையில் கட்டிக் கொடுத்தால் நாளைக்கு எனக்கும் சாட்சியில்லை, உமக்கும் சாட்சியில்லை. அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எப்படி நான் திருமறைநாதர் முன்னால் போய் நிற்பது?" என்றார் ஆசிரியர்.

மனச்சாட்சிக்கு அப்பால் சட்டமும் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2015 ஜூன் 1 முதல், வீடு நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது. பெற்றால் பெற்ற தொகை அளவுக்குத் தண்டம் விதிக்கலாம். அந்தத் தண்டம் விற்பவர் தலையில் விழும் என்பதைப் பலர் அறிவதில்லை. வாங்கியவருக்கும் நட்டம் உண்டு. பின்னாளில் வீட்டை விற்க நேர்ந்தால் வாங்கிய விலை 27 லட்சமாகவே கணக்காகும். மீதியை லாபம் என்று எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். வீட்டுக்கு வழக்கு வந்து பணம் திரும்பக் கிடைத்தாலும் 27 லட்சத்துக்குத்தான் ஆதாரம்.

கட்டியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். "எனக்கும் வரி இருக்கிறது சார்" என்றார் பிறகு. அது பொய்யில்லை. அப்போது அம்மையார் கடைசிச் சீட்டை எடுத்து வைத்தார். வீடு முடிந்து ஐந்து மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் வங்கிக் கடனை நம்பி வந்தவர்கள்; இருவருக்குக் கடன் கிடைக்கவில்லை என்பதைப் பக்கத்து மனைக் காவலாளி சொல்லியிருந்தார். "நாங்கள் கடனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரம் பதிவாகும் அன்றைக்கே முழுத் தொகைக்கும் வங்கி வரைவோலை. 39 லட்சத்து 50 ஆயிரம். முழுவதும் பத்திரத்தில்." இன்னும் இரண்டு முறை வந்துபோன பிறகு அந்த விலையே நின்றது. அதற்கு 9 சதவீதம் 3,55,500. மொத்தம் 43,05,500. மேலே போன ஐயாயிரத்துச் சொச்சத்தையும் எழுத்துக்கூலியையும் அம்மையார் தம் அரிசிப்பானைச் சேமிப்பிலிருந்து தருவதாகச் சொன்னார். கிருகப் பிரவேசம் என்று பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுவதில்லை, பால் மட்டும் காய்ச்சுவது என்றும் அன்றே முடிவாயிற்று.

சென்னையில் இருக்கும் மகன் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தான் அடுக்ககம் வாங்கியபோது பட்டதைச் சொன்னான். பிள்ளைகள் நகரத்தில் அடுக்ககம் தேடும் வீடுகளுக்கு அது பயன்படும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பரப்பைச் சுவருக்குள் உள்ள தரையளவில் சொல்ல வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை வெளிப்பட்டால் கட்டியவரே செலவின்றிச் சீர் செய்து தர வேண்டும். தூண்களுக்கிடையே உள்ள வண்டி நிறுத்துமிடம் எல்லாருக்கும் பொது, அதைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அதற்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று இன்னும் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள்.

ஆனால் திருவாதவூர் வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பில்லை. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்தில் கட்டும் தனி வீடு அச்சட்டப் பதிவுக்குள் வராது. சட்டம் தராததை எழுத்தால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அனுமதி எல்லாவற்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பின் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தார்கள். கெடு ஐந்து மாதம். அம்மையாரின் நோட்டுப் புத்தகம் அப்படியே ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கமாயிற்று: கிணறும் மோட்டாரும், சுவரும் கதவும், பூஜை அறை வாயில், கம்பி, சாய்தளம், துவைக்கும் கல். விரிசல், ஒழுக்குக்கு ஆசிரியர் ஐந்தாண்டு பொறுப்புக் கேட்டார். கட்டியவர் ஓராண்டு என்றார். இரண்டாண்டில் நின்றது. எல்லாவற்றிலும் வெல்ல முடியாது.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக நாள் குறித்தாயிற்று. அதற்கு ஆறு நாள் முன்னதாக இருவரும் வீட்டைப் பார்க்கச் சென்றார்கள். பூஜை அறையின் கதவு இன்னும் திருப்பப்படவில்லை. அம்மையார் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது வடிகாலை நாடாமல் கூடத்தை நோக்கி ஓடி வந்தது. வாட்டம் தப்பிப்போயிருந்தது.

"பத்திரத்தை முடித்துவிடுவோம் அம்மா. பத்து நாளில் ஓட்டைப் பெயர்த்து வாட்டம் பிடித்துத் தருகிறேன். நல்ல நாளை விடலாமா?" என்றார் கட்டியவர்.

விட்டால் ஆனி, ஆடி இரண்டும் புதுமனை புகும் மாதங்களல்ல. ஆவணிக்குத்தான் போக வேண்டும். மதுரை வீட்டுக்கு இன்னும் இரண்டரை மாத வாடகை. ஆசிரியர் தயங்கினார். அவருக்கு நாள்தான் பெரிதாகத் தெரிந்தது. அம்மையார் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே, "கயிறு மாறிய பிறகு இவரை எங்கே தேடுவது?" என்று கணவரிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பதிவு நின்றது. கட்டியவருக்குக் கோபம் வந்தது. அந்தப் பணத்தை நம்பி அடுத்த மனைக்கு வாக்குக் கொடுத்திருந்தார் அவர். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், வேறு ஆள் இருக்கிறார் என்றார். அன்று பேருந்தில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வயதில் ஒரு வீட்டை இழந்துவிட்டு மறுபடி தேடுவது எளிதன்று. மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. ஆனி மகத்தன்று, மணிவாசகரின் குருபூஜைக்கு வந்தபோது, கோயில் வாசலில் அவரே எதிர்ப்பட்டார். கூட்டத்தில் ஆசிரியர் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "வாட்டம் பிடித்துவிட்டேன் சார். வந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்" என்றார். ஒப்பந்தம் பதிவாகியிருந்ததால் அவராலும் கெடு முடியும் வரை வேறொருவருக்கு விற்க முடியாது என்பதும் உண்மை. எது அவரைத் திருப்பியது என்று சொல்வதற்கில்லை.

ஆவணியில், 39 லட்சத்து 50 ஆயிரமும் எழுத்தில் ஏறிப் பத்திரம் பதிவாயிற்று. மணிவாசகர் தம் லீலைகளுக்காகத் திருவாதவூரிலிருந்து மதுரைக்கு எழுந்தருளும் அந்த மாதத்தில், இவர்கள் மதுரையிலிருந்து திருவாதவூருக்குச் சாமான்களோடு வந்து சேர்ந்தார்கள். ஈசானிய அறையில் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்த அம்மையார், தலைவாசலின் இருபுறமும் சுவரைக் குடைந்து அகல் வைக்கும் மாடம் இரண்டு புதிதாக இருப்பதைக் கண்டார். பின்கட்டுத் துவைக்கும் கல்லின் அருகே ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நட்டிருந்தது.

"இதெல்லாம் நோட்டில் இல்லையே தம்பி?"

"கொசுறு அம்மா" என்றார் அவர்.

ஐப்பசி மழையில் மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவரின் அடியில் ஈரம் கசிந்து கூடத்துச் சுவரில் இறங்கியது. ஆசிரியர் தொலைபேசியில் சொன்ன மூன்றாம் நாள், மழை விட்டதும், கட்டியவர் கரண்டியும் மட்டப்பலகையுமாகத் தாமே வந்தார். கொத்தனாரை அனுப்பவில்லை. வேலை முடிய மதியமாயிற்று. கைகழுவப் பின்கட்டுக்குப் போனவர், கறிவேப்பிலைக் கன்று முழங்கால் உயரம் வந்திருப்பதைப் பார்த்து இரண்டு இணுக்கு ஒடித்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் கொடுத்தார். அம்மையார் அதைக் கிள்ளி மோரில் போட்டு, ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தார்.